சுத்தமா இழுக்கல

அவனுக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஆனா இங்க அதைச் சொல்லிக் கூப்பிட ஆளு கிடையாது. எல்லாருக்கும் அவன் 'தூசி'. வயசு இருபத்தெட்டு. இருப்பு, ரயில் பாலத்துக்கு அடியில, சாவி போடற கடைக்கும் செருப்பு தைக்கிற கடைக்கும் நடுவுல ஒரு வாக்குவம் கிளீனர் ரிப்பேர் கடை. ரெண்டு பேர் உள்ள நின்னா மூணாவது ஆள் வயித்தை எக்கிக்கிட்டுத்தான் நுழையணும்.

கடல் தாண்டி வந்து ஆறு வருஷம் ஆச்சு, பயம் மட்டும் இன்னும் போகல. கடையைப் பூட்டிட்டு மூணு தடவை பூட்டை ஆட்டிப் பாப்பான். பஸ் ஏறினப்புறம் நாலாவது தடவைக்கு இறங்கி வருவான். "உனக்கு வரப்போற பொண்டாட்டியை விட அந்தப் பூட்டுதான்டா குடுத்து வெச்சது"ம்பாங்க சித்தி. ஆனா அந்தப் பயம்தான் அவனுக்குச் சோறு போட்டுச்சு. மத்தவங்க ஒரு தடவை பாத்துட்டு விடறதை அவன் மூணு தடவை பாப்பான். போன மாசம் ஒரு தூசிப் பையில கிடந்த கடுதாசித் துண்டுகளை ஒட்டவெச்சு, காணாமப் போன ஒரு வாடகைக்காரரைக் கண்டுபிடிச்சுக் குடுத்தான். அதுலேர்ந்து ரிப்பேருக்கு வர்றவங்களோட, வேற மாதிரி கோளாறு உள்ளவங்களும் வர ஆரம்பிச்சாங்க.

சித்தி, அம்மாவோட கடைசித் தங்கச்சி. கடையில பொறுப்பு ரெண்டு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடுக்கறது, வாயை மூடாம இருக்கறது.

வியாழக்கிழமை, மத்தியானம் ரெண்டே முக்கால். கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு பொம்பளை வந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் இஸ்திரி சுட்ட தழும்பு. ஹோட்டல்ல விரிப்பு தேய்க்கிற வேலைன்னு சொல்லாமலே தெரிஞ்சுச்சு. கையில மெஷின் எதுவும் இல்ல.

"கிளீனர் எங்கக்கா?"ன்னான் தூசி.

"அந்த வீட்டுல இருக்கு."

"என்ன கோளாறு?"

"இழுக்கல."

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க"ன்னாங்க சித்தி. "இழுக்காததைப் பாக்கறது இவன். இழுத்தடிக்கறதும் இவன்தான்."

"என் தங்கச்சியை அஞ்சு மணிக்கு ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க"ன்னாங்க அந்த அக்கா.

சித்தி கையில இருந்த டீ டம்ளரைக் கீழ வெச்சாங்க.

விஷயம் இதுதான். தங்கச்சி ஒரு வீட்டுல நோயாளியைப் பாத்துக்கற வேலையில இருக்கா. நாலாவது மாடி. படுத்த படுக்கையா ஒரு பெரியவர், அவரோட மக, மருமகன், அவ்வளவுதான் குடும்பம். பெரியவருக்கு நுரையீரல் போயிடுச்சு. ஆக்ஸிஜன் மெஷின் ஒண்ணு மூணு வருஷமா ராப்பகலா ஓடிக்கிட்டு இருக்கு. அதுலேர்ந்து நீளமா ஒரு டியூப் வந்து அவர் மூக்குல முடியும். செவ்வாக்கிழமை மூணு மணிக்குத் தங்கச்சி கீழ்த்தளத்துல துணி துவைச்சுட்டு மேல வர்றா, பெரியவர் செத்துக் கிடக்கார். டியூப் மூக்குல சரியாத்தான் இருக்கு, மெஷினும் ஓடுது. சும்மா வந்து பாத்துட்டுப் போக வேண்டிய டாக்டர் டியூப்போட இணைப்பைக் கழட்டிப் பாத்தார். உள்ள பஞ்சு. இதை யாரோ கழட்டி மாட்டியிருக்காங்கன்னு சொல்லிட்டார்.

"அதுக்குத் தங்கச்சியை எதுக்குப் பிடிச்சாங்க?"

அந்த அக்கா ஃபோனை எடுத்தாங்க. "அன்னைக்கு ரெண்டு பத்துக்கு அவ வீட்டுக்கார அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கா. எனக்கும் அதையே தள்ளிவிட்டிருக்கா. ரெண்டு பேருமே வேலையில இருந்தோம், கேக்கல. அப்புறம் கேட்டோம். கேளுங்க."

சின்னக் குரல். களைச்சுப் போன குரல்.

"அக்கா, சுத்தமா இழுக்கல. பைப்பைக் கழட்டிட்டேன். தட்டிப் பாத்தேன், குலுக்கிப் பாத்தேன், ம்ஹும். சத்தம் மட்டும் வருது, இழுப்பு இல்ல. இனிமே என்னால முடியாதுக்கா, விட்டுட்டேன். எத்தனை நாள்தான் இப்படி மாரடிக்கறது? நீங்க வந்ததும் பேசாம தூக்கிப் போட்டுடலாம்."

பாலத்து மேல ஒரு ரயில் போச்சு. அது போனதும் அந்த அக்கா ஃபோனைக் கீழ வெச்சாங்க.

"நானே தப்பா நினைச்சுட்டேன் தம்பி"ன்னு அழுதாங்க அந்த அக்கா. "கூடப்பொறந்தவ நான். நானே என் தங்கச்சி ஒரு மனுஷனைக் கொன்னுட்டான்னு நினைச்சேன். நேத்துதான் பாக்க விட்டாங்க. கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு சொல்றா, 'அக்கா, நான் வாக்குவம் கிளீனரைச் சொன்னேன்.'"

"இதைப் போலீஸ்ல சொல்லலயா?"

"சொன்னாளாம். அன்னைக்கு அங்க தமிழ் தெரிஞ்ச ஆளு கிடையாது. அந்த வீட்டு மருமகன்தான் ரெண்டு பக்கமும் பேசினார். அவ சொன்னதை எப்படிச் சொன்னாரோ, யாருக்குத் தெரியும்? நேத்து நானும் சொன்னேன். கிளீனரை ஓட்டிப் பாத்துட்டாங்களாம். நல்லா இழுக்குதாம். அதனால அவ பொய் சொல்றாளாம்."

பையிலேர்ந்து ஒரு தாள் எடுத்து நீட்டினாங்க. மெசேஜோட மொழிபெயர்ப்பு. அந்த ஊர் பாஷையில டைப் அடிச்சு, கீழ அந்த மருமகனோட கையெழுத்து. தூசி படிச்சான். திரும்பவும் படிச்சான். மூணாவது தடவை படிக்கும்போது பென்சிலை எடுத்து அங்கங்க வட்டம் போட்டான்.

"அஞ்சு"ன்னான்.

"என்னடா அஞ்சு? மணியா?"

"'அவர்'. இந்தத் தாள்ல அஞ்சு தடவை இருக்கு. 'அவர் சுத்தமா மூச்சு இழுக்கல. அவரோட டியூபைக் கழட்டிட்டேன். அவரைத் தட்டிப் பாத்தேன்.' மெசேஜைத் திரும்பப் போடுங்கக்கா. அதுல எத்தனை 'அவர்' இருக்குன்னு எண்ணுங்க சித்தி."

சித்தி விரலை மடக்கத் தயாரா வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. ஒரு விரல்கூட மடங்கல.

"இழுத்தார், இழுத்தாள், இழுத்துச்சு. நடந்ததைச் சொன்னா வார்த்தையோட வால்ல ஆள் தெரிஞ்சுடும்"ன்னான் தூசி. "நடக்காததைச் சொல்லும்போதுதான் வம்பு. அவர் இழுக்கல, அவ இழுக்கல, அது இழுக்கல. எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை. அந்தப் பொண்ணு ஆளே சொல்லல. இந்தத் தாளை எழுதினவர் ஒரு ஆளைக் கொண்டு வந்து நட்டிருக்கார்."

"தெரியாம நட்டாரா, தெரிஞ்சு நட்டாரா?"

"அதைக் கிளீனர்தான் சொல்லணும். ரெண்டு பத்துக்கு இழுக்காத மெஷின், போலீஸ் ஓட்டும்போது எப்படி இழுத்துச்சு? மெஷின் தானா குணமாகாது சித்தி."

"உங்க சித்தப்பாவும் அப்படித்தான்"னு சொல்லிக்கிட்டே சித்தி டூல் பையைத் தோள்ல மாட்டினாங்க.

*

நாலு மணிக்குத் தூசியும் சித்தியும் அந்த வீட்டு வாசல்ல நின்னாங்க. கதவைத் திறந்தது பெரியவரோட மக. அழுது அழுது முகம் வீங்கியிருந்துச்சு.

"அந்தப் பொண்ணோட அக்கா அனுப்பிச்சாங்க. கிளீனரை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம்"ன்னான் தூசி.

"கிளீனரையா?" அந்தம்மாவுக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஆனா வழி விட்டாங்க. "அவளை நான் வேலைக்காரியாவே நினைக்கலப்பா. மூணு வருஷமா எங்கப்பாவுக்கு ஊட்டி விட்டவ. எப்படி மனசு வந்துச்சு அவளுக்கு?"

உள்ள சாப்பாட்டு மேஜையில ஒரு போலீஸ் அதிகாரி ஃபைலை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். பெரியவரோட மருந்துச் சீட்டை வாங்கிக்க வந்தவர். அஞ்சு மணிக்கு ஃபைல் மேல போகணும். அவருக்குப் பக்கத்துல மருமகன். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிசான குரல்.

"யாரு நீங்க? இப்ப இதெல்லாம் வேணாம், கிளம்புங்க"ன்னார் மருமகன்.

போலீஸ் யூனிஃபார்மைக் கண்டா தன் பேப்பரெல்லாம் சரியா இருக்கான்னு சட்டைப் பையைத் தடவற ஆளு தூசி. அப்பவும் தடவினான். சித்தி முதுகுல ஒரு குத்து குத்தினாங்க.

"வாக்குவம் கிளீனர் ரிப்பேர் பண்றவன் சார்"ன்னான், அந்த ஊர் பாஷையில, அதிகாரியைப் பாத்து. "அஞ்சே நிமிஷம்."

அதிகாரி ஃபைலை மூடாமலே நிமிர்ந்து பாத்தார். "எங்க வீட்டு மெஷினும் ஒரு மாசமா இழுக்கல. என்ன பாக்கணும்னு எனக்கும் காட்டு. அஞ்சு நிமிஷம்."

கிளீனர் நடையில இருந்துச்சு. அதுக்குப் போற வழியிலேயே தூசி வீட்டை மூணு தடவை பாத்துட்டான். ஹால் முழுக்கச் செக்கச்செவேல்னு கம்பளம். பெரியவர் அறை ஹாலை ஒட்டி. அங்க கம்பளம் கிடையாது, வெறும் வெள்ளைத் தரை ஓடு. கட்டில், அதுக்குப் பக்கத்துல இப்ப ஓடாத அந்த மெஷின்.

"அப்பா ரூம்ல ஏன்கா கம்பளம் போடல?"

"தூசி ஆகாதுப்பா அவருக்கு. ஒரு நூல் கூட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஹாலைச் சுத்தம் பண்ணிட்டு அவர் கட்டிலுக்கு அடியிலயும் தினம் இழுத்துடுவா."

"அவர் மூக்குல இருந்ததை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"டியூப்."

"அந்தப் பொண்ணு?"

"அவளும் டியூப்னுதான். 'தாத்தா, டியூபை இழுக்காதீங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

"பைப்னு எதைச் சொல்லுவீங்க?"

அந்தம்மா கண்ணு மெதுவா கீழ இறங்கி, நடையில பாம்பு மாதிரி சுருண்டு கிடந்த கிளீனர் பைப்பு மேல போய் நின்னுச்சு.

"அவளை எதுக்குப் போட்டுக் குடையறீங்க? அப்பா போய் ரெண்டு நாள்தான் ஆகுது"ன்னார் மருமகன்.

தூசி குத்துக்கால் போட்டு உக்காந்தான். முதல்ல தூசிப் பையைப் பாத்தான். பாதிகூட நிறையல. ஃபில்டரைத் தட்டினான், சுத்தமா இருந்துச்சு. பைப்பைக் கழட்டிட்டு, ஸ்விட்சைப் போட்டு, மெஷினோட வாயில உள்ளங்கையை வெச்சான். கையைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்துச்சு.

"டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பு, எங்க பையனுக்கு உள்ளங்கை. சளிக்கும் பாப்பான், கேட்டா"ன்னாங்க சித்தி. அது அதிகாரிக்குப் புரியல. புரிஞ்ச ரெண்டு பேர் சிரிக்கல.

"மெஷின்ல கோளாறு இல்ல சார். அப்ப பைப்பைப் பாக்கணும்." பைப்பை மாட்டி அதோட நுனியில கையை வெச்சான். இழுத்துச்சு, ஆனா பாதிதான். "சித்தி, ஒரு பட்டன்."

"என் கோட்டுல ரெண்டுதான் பாக்கி இருக்கு"ன்னு முனகிக்கிட்டே ஒண்ணைத் திருகிக் குடுத்தாங்க. பைப்பைத் திரும்பக் கழட்டி, தூக்கிப் பிடிச்சு, மேல் வாயில பட்டனைப் போட்டான். கடகடன்னு உருண்டு கீழ் வாய் வழியா ஓட்டுத் தரையில விழுந்துச்சு.

"பட்டன் வந்துடுச்சுன்னா அடைப்பு இல்ல. அடைப்பு இல்லாம இழுப்பு குறைஞ்சா, எங்கயோ ஓட்டை." பைப்பை மாட்டி ஓடவிட்டு, முழு நீளத்துக்கும் காதை வெச்சுக்கிட்டே போனான். கைப்பிடி வளைவுக்கிட்ட நின்னான். சன்னமா ஒரு விசில். "இங்க."

அதிகாரி குனிஞ்சு பாத்தார். அரிசி அளவு ஓட்டை. அதோட விளிம்பு வெளிப்பக்கமா பிதுங்கி நின்னுச்சு.

"வெளியிலேர்ந்து குத்தியிருந்தா விளிம்பு உள்ள மடங்கும் சார். இது உள்ளேர்ந்து குத்தினது. பைப்புக்குள்ள குச்சியோ கம்பியோ விட்டு எதையோ நெம்பி எடுத்திருக்காங்க. ஓட்டை புதுசு, ஓரத்துல அழுக்கு ஏறல. அந்தப் பொண்ணு தட்டினேன், குலுக்கினேன்னு மட்டும்தான் சொல்லியிருக்கா. குத்தினேன்னு சொல்லல. முடியாம விட்டுட்டேன்னு சொல்லியிருக்கா."

"எப்பவோ குத்தியிருப்பா"ன்னார் மருமகன். "அந்த மெஷின்ல அடைப்பே கிடையாது சார். போலீஸே ஓட்டிப் பாத்தாங்களே."

"நீங்க இதைத் தொட்டீங்களா?"ன்னான் தூசி.

"நான் எதுக்குத் தொடறேன்? அது வேலைக்காரங்க சமாச்சாரம். ஒரு மணிக்குச் சாப்பிட்டுட்டு ஆபீஸ் போனவன், இவ கூப்பிட்டதும் நாலு மணிக்குத்தான் வந்தேன்."

அதைக் கேட்டதும் அந்தம்மா லேசா தலையைத் தூக்கினாங்க. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கிட்டாங்க. அதைத் தூசி பாக்கல. சித்தி பாத்தாங்க.

"சார், டாக்டர் கழட்டின இணைப்போட படம் இருக்கா?"ன்னான் தூசி.

அதிகாரி ஃபோன்ல காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. மெஷின்லேர்ந்து வர்ற டியூபையும் மூக்குக்குப் போற டியூபையும் சேக்கற இணைப்பு. அதோட வாய்க்குள்ள திரி மாதிரி பஞ்சு.

"கலரைப் பாருங்க சார்."

அதிகாரி படத்தைப் பெருசாக்கினார். ஹாலைப் பாத்தார். பெரியவர் அறையோட வெள்ளைத் தரையைப் பாத்தார். திரும்பவும் படத்தைப் பாத்தார். பஞ்சு செக்கச்செவேல்னு இருந்துச்சு.

"அந்த அறையில கழட்டி அந்த அறையிலேயே மாட்டியிருந்தா, இவ்வளவு சிவப்புப் பஞ்சு உள்ள போய்த் திரி மாதிரி அடைச்சிருக்காது"ன்னான் தூசி. "அந்த இணைப்பு இந்தப் பைப்புக்குள்ள போயிட்டு வந்திருக்கு. யாரோ மத்தியானமே அதைக் கழட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆக்ஸிஜன் மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தம் கேக்கறதால யாருக்கும் சந்தேகம் வரல. அந்தப் பொண்ணு ஹாலைச் சுத்தம் பண்ணிட்டு, கட்டிலுக்கு அடியில இழுக்கும்போது இணைப்பு உள்ள போயிடுச்சு. வளைவுல குறுக்க மாட்டிக்கிச்சு. அது மேல, பைப்புல ஏற்கனவே தங்கியிருந்த கம்பளத்துப் பஞ்சு வந்து சேந்து அடைச்சுக்கிச்சு. அப்பத்தான் அவ மெசேஜ் அனுப்பினா. இழுக்கலன்னு."

"அதுக்கப்புறம் அவளே எடுத்து மாட்டியிருக்கலாமே?"ன்னார் அதிகாரி.

"எப்ப சார்? ரெண்டு பத்துக்கு மெசேஜ். அதுக்கப்புறம் அவ எங்க இருந்தா?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். ரெண்டே காலுக்கு எதிர் வீட்டம்மா கதவைத் தட்டி அந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டுக் கீழ துவைக்கப் போயிருக்காங்க. மூணு மணி வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாவே இருந்து, ஒண்ணாவே மேல வந்து, ஒண்ணாவே பெரியவரைப் பாத்திருக்காங்க. அப்பவே டியூப் மாட்டித்தான் இருந்துச்சு. எல்லாம் அவர் கையெழுத்துலேயே இருந்துச்சு.

"அந்த முக்கால் மணி நேரத்துல ஒரு ஆள் உள்ள வந்திருக்கார்"ன்னான் தூசி. "கழட்டினதை மாட்டிட்டா வயசான சாவுன்னு போயிடும்னு நினைச்சு வந்தவர். வந்து பாத்தா இணைப்பைக் காணோம். நடையில கிளீனர், பைப் தனியா. புரிஞ்சுக்கிட்டார். குச்சி விட்டு நெம்பி எடுத்து, அவசரத்துல துடைக்காம மாட்டிட்டுப் போயிட்டார். அந்த ஆளுக்கு மட்டும்தான் பைப்லேர்ந்து அடைப்பை எடுத்த விஷயம் தெரியும்."

அப்புறம் அவன் தமிழ்ல திரும்பினான். "அக்கா, செவ்வாக்கிழமை மத்தியானத்துக்கு அப்புறம் இந்தப் பைப்பைத் திரும்ப மாட்டினது யாரு?"

அந்தம்மா யோசிக்கவே இல்ல. ரெண்டு நாளா தூங்காத மனுஷி, கேட்ட கேள்விக்கு அப்படியே பதில் சொன்னாங்க. "அன்னைக்கு சாயங்காலம் துக்கம் கேக்க ஆளுங்க வருவாங்களேன்னு ஹாலைச் சுத்தம் பண்ண எடுத்தேன். பைப் தனியாக் கிடந்துச்சு. இவர்தான் மாட்டிக் குடுத்தார். இவரே சொன்னார், 'அடைப்பை எடுத்துட்டேன், இப்ப இழு...'"

பாதி வார்த்தையில நின்னுட்டாங்க.

அதிகாரிக்கு ஒரு எழுத்து புரியல. ஆனா முகத்தைப் பாத்து என்னமோ புரிஞ்சுச்சு. ரெண்டு நாளா பழகின பழக்கத்துல மருமகன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க உங்க மனைவி?"

மருமகன் தொண்டையைச் செருமினார். அதே மெல்லிசான குரல். "உடம்பு முடியலயாம் சார். அப்புறமா பேசலாம்னு சொல்றா."

அதிகாரி பேனாவை எடுத்து அதை எழுதப் போனார்.

தூசி வாயைத் திறக்கறதுக்குள்ள சித்தி அவன் கையை அழுத்திப் பிடிச்சாங்க. பொறுடான்னு அர்த்தம்.

அந்தம்மா புருஷனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அதிகாரி பக்கம் நடந்து போனாங்க. அவங்களுக்கு அந்த ஊர் பாஷை கடைக்குப் போய் வர்ற அளவுக்குத்தான் வரும். ஒவ்வொரு வார்த்தையா, கல்லு பொறுக்கற மாதிரி பொறுக்கி வெச்சாங்க.

"நான் அப்படிச் சொல்லல. என் கணவர். பைப். அடைப்பு. அவர் எடுத்தார். அவரே என்கிட்ட சொன்னார்."

பேனா நின்னுச்சு.

"சாயங்காலம் எடுத்தேன்"ன்னார் மருமகன், முதல் தடவையா குரல் உயர்ந்து. "சாயங்காலம்தான் எடுத்தேன், அதுல என்ன?"

"சாயங்காலம் அந்த இணைப்பு டாக்டர் கையில இருந்துச்சு சார்"ன்னான் தூசி. "இப்பத்தான் நீங்க இதைத் தொடவே இல்லன்னு சொன்னீங்க."

அதிகாரி எழுந்து கதவுக்கும் மருமகனுக்கும் நடுவுல நின்னுக்கிட்டார். யாரும் ஓடல, யாரும் கத்தல. மருமகன் நாற்காலியில உக்காந்து ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டார்.

"மூணு வருஷம்"ன்னார் பொண்டாட்டிகிட்ட. "ராப்பகலா அந்த மெஷின் சத்தம். சாப்பிட்டா அது, படுத்தா அது. உனக்கு அது கேக்கவே இல்ல. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு"ன்னாங்க அந்தம்மா. "அது கேக்கற வரைக்கும் அப்பா இருக்காருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

மணி நாலு அம்பது.

*

ஸ்டேஷன்ல அந்தப் பொண்ணைக் கொண்டு வந்து உக்கார வெச்சாங்க. இருபத்திரெண்டு வயசு. அக்காவோட தோள்ல முகத்தை வெச்சுக்கிட்டா. தூசி நடந்ததைச் சொன்னான். கேட்டுக்கிட்டே வந்தவ, ஒரு எடத்துல நிமிர்ந்தா.

"அப்ப ஒரு மணிக்கே கழட்டிட்டாரா?"

"ஆமா."

"நான் ஒண்ணே முக்காலுக்குக் கட்டிலுக்கு அடியில இழுத்தேன். டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. அப்பப் போய் எட்டிப் பாத்திருந்தா..." அவ கண்ணு தூசி முகத்தை விட்டு நகரல. "அண்ணா, அப்ப தாத்தா உயிரோட இருந்தாரா?"

தூசி எதையும் மூணு தடவை பாக்கறவன். இந்தக் கணக்கையும் வர்ற வழியில மூணு தடவை போட்டுப் பாத்துட்டான். மூணு தடவையும் ஒரே விடைதான் வந்துச்சு. சித்தியைப் பாத்தான். எதுக்கும் ஒரு பதில் வெச்சிருக்கற சித்தி, கோட்டுல பட்டன் போன எடத்து நூலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாங்க.

"தூங்கிக்கிட்டு இருந்தார்மா"ன்னான் தூசி.

அவ அதை நம்பினாளா இல்லையான்னு சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டினா.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டு வந்து தூசி முன்னாடி வெச்சார். பெரிய ஆபீஸ்லேர்ந்து வேற மொழிபெயர்ப்பாளர் நாளைக்கு வர்றாராம். பாத்தது, கேட்டது எல்லாத்தையும் உன் பாஷையிலேயே எழுதிடுன்னார். தூசி எழுதினான். உள்ளங்கை, பட்டன், விசில், சிவப்புப் பஞ்சு, ரெண்டு பத்து, ரெண்டே கால், மூணு மணி. எழுதினதை மூணு தடவை படிச்சுப் பாத்தான். கையெழுத்துப் போடப் போனவன், பேனாவைத் தூக்கிக்கிட்டுக் கொஞ்ச நேரம் யோசிச்சான். அப்புறம் அடியில இதையும் சேத்து எழுதினான்.

'இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒரு வேண்டுகோள். இதுலயோ அந்த மெசேஜ்லயோ எங்கயாவது ஆள் யாருன்னு தெரியலன்னா, தயவுசெஞ்சு நீங்களா ஒரு ஆளைப் போட்டுக்காதீங்க. அந்தப் பொண்ணு இங்கதான் உக்காந்திருக்கா. அவளையே கேளுங்க.'